விலைப்பட்டியல் சென்றது, வந்து சேரவில்லை
நேர்மையான மின்னஞ்சல் ஸ்பேம் எனத் தள்ளப்படுவது ஏன்? கண்டறியும் முறையும் களையும் முறையும்

புனே நகரை அடுத்த போசரித் தொழிற்பேட்டையில், வாகனங்களுக்கான ரப்பர் பாகங்களைச் செய்யும் சிறு தொழிலகம் ஒன்றின் உரிமையாளர் நம் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர். ஒரு மாதக் கடைசியில், ரொக்கக் கடன் வரம்புக்கு மேல் தற்காலிகமாக நான்கு இலட்சம் ரூபாய் வேண்டும் என்ற விண்ணப்பத்துடன் அவர் நம்மிடம் வந்தார். பதினான்கு தொழிலாளர்களுக்கு ஊதியம் கொடுக்க மூன்று நாட்களே இருந்தன. சாகன் பகுதியில் உள்ள பெரிய நிறுவனம் ஒன்று, ஆறு விலைப்பட்டியல்களுக்கு உரிய ஏறத்தாழப் பதினொரு இலட்சம் ரூபாயைக் கொடாமல் இழுத்தடிக்கிறது என்றார். நாமும் அவ்வாறே நம்பினோம். பெரிய நிறுவனங்கள் சிறு தொழிலகங்களைக் காக்க வைப்பது வங்கி மேசையில் நாம் அடிக்கடி கேட்கும் செய்தியே.

விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் பொருட்டு, அவர் முன்னிலையிலேயே அந்நிறுவனத்தின் கணக்குப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்தோம். கிடைத்த விடை நம் இருவரையும் திகைக்க வைத்தது. சரக்கு வந்தது, பதிவும் ஆயிற்று; ஆனால் ஏறத்தாழ இரண்டு மாதங்களாக அவரிடமிருந்து ஒரு விலைப்பட்டியலும் வரவில்லை என்றனர். வாடிக்கையாளரோ தம் கணக்கு மென்பொருளைத் திறந்து காட்டினார். ஆறு பட்டியல்களுக்கு எதிரேயும் ‘அனுப்பப்பட்டது’ என்றே இருந்தது. இருவர் கூற்றும் உண்மை. அனுப்பியவை அனைத்தும் வாங்குநரின் ஸ்பேம் தடுப்பில் சிக்கிக் கிடந்தன.

இடையில் மற்றொரு சிக்கலும் நேர்ந்திருந்தது. விடை வராததைக் கண்டு, அவர் இரண்டு பட்டியல்களைத் தம் சொந்த இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து மீண்டும் அனுப்பியிருந்தார். அறியாத முகவரியிலிருந்து பணம் கேட்டு வந்த அஞ்சலைக் கண்ட கணக்குப் பிரிவினர் மோசடி என ஐயுற்று, அவருடைய கணக்குக்கான பட்டுவாடாவையே நிறுத்தி வைத்தனர். அவர்கள் செய்ததில் தவறு காண இயலாது. வங்கியாகிய நாமும் நம் வாடிக்கையாளர்களுக்கு அத்தகைய எச்சரிக்கையையே வற்புறுத்தி வருகிறோம்.

அவர் இசைவுடன், பெயரைத் தவிர்த்து, இந்நிகழ்வை இங்கே பாடமாக எடுத்துக்கொள்கிறோம். விலைப்பட்டியல், விலைக்குறிப்பு, நினைவூட்டல் ஆகியவற்றை மின்னஞ்சலில் அனுப்பும் ஒவ்வொரு வணிகருக்கும் இது நேரக்கூடும்.

மின்னஞ்சலின் பிறவிக் குறை

இன்று உலகெங்கும் மின்னஞ்சலைக் கொண்டு செல்லும் எஸ்எம்டிபி என்னும் நெறிமுறை 1982-ஆம் ஆண்டு வகுக்கப்பட்டது. ஆய்வு நிலையங்களும் பல்கலைக்கழகங்களும் தம்முள் மடல் பரிமாறிக்கொண்ட காலம் அது. ஒருவரையொருவர் அறிந்த அச்சிறு வட்டத்தில், அனுப்புநர் யார் என்று சோதிக்க வேண்டிய தேவை எழவில்லை. ஆகவே நெறிமுறையிலும் அச்சோதனை இடம்பெறவில்லை. அஞ்சலுறையின் பின்புறத்தில் எவரும் எந்தப் பெயரையும் எழுதலாம் அல்லவா? அவ்வாறே, ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் எவரும் எந்த முகவரியையும் இட்டு மின்னஞ்சல் விடுக்கலாம்.

வேண்டாத விளம்பர அஞ்சல் அதற்கும் முன்பே தோன்றிவிட்டது. 1978-ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனை அலுவலர், இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெட்டில் ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியதையே முதல் ஸ்பேம் எனக் குறிப்பிடுவர். தகரக் குப்பியில் அடைத்து விற்கப்பட்ட இறைச்சி ஒன்றின் பெயரான ‘ஸ்பேம்’, 1970-இல் ஒளிபரப்பான ஆங்கில நகைச்சுவைக் காட்சி ஒன்றின் வழியாகப் பின்னாளில் இத்தகைய அஞ்சலுக்குப் பெயராயிற்று. இன்று தொல்லை தருவது விளம்பரம் மட்டும் அன்று. வங்கியின் பெயரிலும், வணிகக் கூட்டாளியின் பெயரிலும் வரும் பொய்யஞ்சலே பெருங்கேடு விளைவிக்கிறது.

இக்கேட்டைத் தடுக்கும் பொருட்டே பெறுநரின் அஞ்சல் சேவை ஒவ்வோர் அஞ்சலையும் வாயிலில் நிறுத்திச் சோதிக்கிறது. ‘விலைப்பட்டியலில் என்ன சொல் தவறு?’ என்றே நம் வாடிக்கையாளர் முதலில் ஆராய்ந்தார். ஆனால் சோதனையின் முதற்கேள்வி அஞ்சலின் சொற்களைப் பற்றியது அன்று; இப்பெயரில் அஞ்சல் அனுப்ப இவருக்கு அதிகாரம் உண்டா என்பதே அக்கேள்வி.

காசோலை மேசை காட்டும் வழி

இக்கேள்விக்கு விடை தரும் மூன்று ஏற்பாடுகள் இன்று உள்ளன. அவற்றின் பெயர்கள் அயலாகத் தோன்றினும், காசோலை எழுதிப் பழகியவர்க்கு அவற்றின் பொருள் புதிதன்று.

முதலாவது எஸ்பிஎஃப். நிறுவனக் கணக்கு தொடங்கும்போது, யார் யார் கையொப்பமிடலாம் என்ற பட்டியலை வங்கிக்குத் தருகிறோம். அதுபோல, ‘எம் டொமைன் பெயரில் இன்னின்ன சர்வர்களே அஞ்சல் விடுக்கலாம்’ என்ற பட்டியலை, டொமைனின் உரிமையாளர் டிஎன்எஸ் எனப்படும் இணையப் பெயரேட்டில் வெளியிடுகிறார். பட்டியலில் இல்லாத சர்வரிலிருந்து வரும் அஞ்சல் ஐயத்துக்கு உள்ளாகிறது.

இரண்டாவது டிகேஐஎம். காசோலையில் கையொப்பமும் இருக்க வேண்டும். கையொப்பமிட்டபின் தொகையோ பெயரோ திருத்தப்படாமலும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே உறுதிசெய்வது இந்த ஏற்பாடு. அனுப்பும் சர்வர், தன்னிடம் மட்டுமே உள்ள மறைசாவியைக் கொண்டு அஞ்சலில் ஒரு மின் கையொப்பத்தைப் பதிக்கிறது. அதைச் சரிபார்க்கும் பொதுச்சாவி டிஎன்எஸ் ஏட்டில் இருக்கும். அதுவே மாதிரிக் கையொப்ப அட்டை. வழியில் எவரேனும் அஞ்சலைத் திருத்தினால் கையொப்பம் பொருந்தாது.

மூன்றாவது டிமார்க். இது இரு பணிகளைச் செய்கிறது. பெறுநரின் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் பெயரும், முன்கண்ட இரு சோதனைகளில் ஒன்றிலேனும் தேறிய டொமைனும் ஒன்றா என்று ஒப்பிடுகிறது. ஒன்றாக இல்லையெனில் என் செய்வது என்பதற்கு உரிமையாளரின் நிலையாணையையும் ஏந்தி நிற்கிறது. அந்த ஆணை மூவகை: ‘ஒன்றும் செய்யாமல் அறிக்கை மட்டும் தருக’, ‘ஸ்பேமில் ஒதுக்குக’, ‘ஏற்க மறுத்துவிடுக’. தம் டொமைன் பெயரில் எங்கெங்கிருந்து அஞ்சல் சென்றது, எவை தேறின, எவை தேறவில்லை என்ற அறிக்கையைப் பெறவும் உரிமையாளர் இதில் ஒரு முகவரி குறிப்பிடலாம். வங்கிக் கணக்கு அறிக்கையைப் போன்றது அது.

இங்கே ஒரு நுட்பத்தை மறவாமல் நெஞ்சில் இருத்த வேண்டும். எஸ்பிஎஃப் சோதிப்பது நாம் காணும் அனுப்புநர் முகவரியை அன்று; அஞ்சல் திரும்பி வரவேண்டிய முகவரியாக உள்ளே குறிக்கப்படும் வேறொன்றை. ஆகவே வேறொருவரின் சர்வர், தன் சொந்தப் பெயரால் எஸ்பிஎஃப் சோதனையில் தேறிவிட்டு, நம் பெயரை வெளியே காட்டி அஞ்சல் அனுப்ப இயலும். அவ்விடைவெளியை அடைப்பதே டிமார்க். போசரி வாடிக்கையாளரின் சிக்கலும் இங்கேதான் இருந்தது.

நற்பெயர் என்னும் கடன் வரலாறு

அதிகாரம் உறுதியான பின் எழும் கேள்வி, இவர் இதுவரை எப்படி நடந்துகொண்டார் என்பது. கடன் கோருபவரின் கடந்தகாலக் கடன் வரலாற்றை நாம் பார்ப்பதுபோல, அஞ்சல் சேவைகள் ஒவ்வொரு டொமைனுக்கும், ஒவ்வொரு சர்வரின் ஐபி எண்ணுக்கும் ஒரு நற்பெயர்க் கணக்கை வைத்துள்ளன. பெறுநர்கள் ‘இது ஸ்பேம்’ என்று குறித்தல், இல்லாத முகவரிகளுக்கு ஓயாமல் அனுப்புதல், நேற்றுவரை பத்து அஞ்சல் சென்ற இடத்திலிருந்து இன்று திடீரெனப் பத்தாயிரம் செல்லுதல் ஆகியன அந்நற்பெயரைக் குலைக்கும்.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஜிமெயில், யாஹூ ஆகிய சேவைகள் இவ்விதிகளை இறுக்கின. ஜிமெயிலின் விதிப்படி, அதன் தனிநபர் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அஞ்சல் அனுப்புவோர் மூன்று ஏற்பாடுகளையும் கொண்டிருத்தல் வேண்டும். ஸ்பேம் புகார் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு அனுப்பாத சிறு வணிகருக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ஆகிய இரண்டில் ஒன்றேனும் இன்றியமையாதது. ‘நாம் சிறியவர், நமக்கு இவ்விதி எதற்கு?’ என்று இருந்துவிட இயலாது.

குறைந்த கட்டணத்தில் இணையதளம் நடத்தித் தரும் நிறுவனங்களில் ஒரே சர்வரை நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்துகொள்வதுண்டு. அவர்களுள் ஒருவர் ஸ்பேம் அனுப்பினால், சர்வரின் ஐபி எண் கரும்பட்டியலில் ஏறும். அதனால் ஏனையோரும் துன்புறுவர். பிறர் கடனுக்குப் பிணை நின்றவரின் நிலை அது.

பழுதைக் கண்டறியும் படிகள்

அடுத்து, முறையாகத் தேடும் வழியைக் காண்போம். இவ்வரிசையை மாற்றாமல் செல்வது காலத்தை மிச்சப்படுத்தும்.

முதற்படி: அஞ்சல் எங்கே நின்றது என அறிக. பெறுநரைத் தொலைபேசியில் அழைத்து, ஸ்பேம் கோப்புறையைப் பார்க்குமாறு கேட்க வேண்டும். பெரிய நிறுவனமாயின், அவர்களின் கணினிப் பிரிவு மட்டுமே காணக்கூடிய தனித் தடுப்பறை ஒன்று இருக்கும். அதையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இதில் தாமதம் கூடாது. ஜிமெயிலின் ஸ்பேம் கோப்புறையில் உள்ளவை 30 நாட்களில் தாமாகவே அழிந்துவிடும். பிற சேவைகளும் இவ்வாறு கால வரம்பு வைத்துள்ளன.

அஞ்சல் திரும்பி வந்திருந்தால், அதனுடன் வரும் அறிவிப்பை அழித்துவிடாமல் படிக்க வேண்டும். அதிலுள்ள எண் 4-இல் தொடங்கினால் தடை தற்காலிகமானது. சர்வர் மீண்டும் முயலும். 5-இல் தொடங்கினால் முடிவான மறுப்பு. 550 5.1.1 என்பது அப்படியொரு முகவரியே இல்லை என்பதைக் குறிக்கும். பெரும்பாலும் எழுத்துப்பிழையாக இருக்கும். ஜிமெயில் தரும் 550 5.7.26 என்பது அனுப்புநரின் அதிகாரம் உறுதியாகவில்லை என்பதைக் குறிக்கும். காசோலை திரும்பும்போது காரணச் சீட்டைப் படிக்காமல் மீண்டும் மீண்டும் அதே காசோலையைச் செலுத்துவோர் உண்டோ? மின்னஞ்சலில் மட்டும் நாம் அவ்வாறு செய்கிறோம்.

இரண்டாம் படி: செல்பவை எவை, செல்லாதவை எவை எனப் பிரித்தறிக. ஒரே ஒரு பெறுநரிடம் மட்டும் தடை எனில், குறை பெரும்பாலும் அவர் பக்கத்து அமைப்பில் இருக்கும். பலரிடமும் தடை எனில் குறை நம் பக்கம். அடுத்து, எவ்வழியாக அனுப்பியவை தடைபடுகின்றன எனக் காண வேண்டும். அலுவலக அஞ்சல் பெட்டி, கணக்கு மென்பொருள், இணையதளத்தின் தொடர்புப் படிவம், விழாக்கால வாழ்த்தை மொத்தமாக அனுப்பும் சேவை ஆகிய அனைத்தும் ஒரே பெயரில், ஆனால் வெவ்வேறு சர்வர்களிலிருந்து அஞ்சல் விடுப்பவை.

மூன்றாம் படி: தமக்குத் தாமே ஒரு சோதனை அஞ்சல் அனுப்புக. தடைபடும் அதே வழியில், அதே வகை அஞ்சலைத் தம் ஜிமெயில் முகவரி ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் உள்ள ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தெரிவு செய்தால், மேலே சிறு அட்டவணை ஒன்று தோன்றும். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதிரே தேறியதா தவறியதா என்று இருக்கும். எந்த டொமைனின் பெயரில் தேறியது என்பதையும் கூர்ந்து நோக்க வேண்டும்.

நான்காம் படி: டிஎன்எஸ் பதிவுகளைச் சரிபார்க்க. டொமைனை வாங்கிய நிறுவனத்தின் தளத்தில் நுழைந்தால் இப்பதிவுகளைக் காணலாம். இங்கே அடிக்கடி நேரும் பிழைகள் மூன்று. ஒன்று, பழைய அஞ்சல் சேவைக்கு ஒரு எஸ்பிஎஃப் பதிவு, புதியதற்கு மற்றொன்று என இரண்டு பதிவுகளை வைத்தல். ஒரு டொமைனுக்கு ஒரே பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனையே பிழையாக முடியும். இரண்டு, சேவைகளைச் சேர்த்துக்கொண்டே போதல். ஒரு எஸ்பிஎஃப் சோதனையில் 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் இடமில்லை. மூன்று, நீண்ட டிகேஐஎம் சாவியை நகலெடுக்கும்போது ஓர் எழுத்து விடுபடுதல். பதிவைத் திருத்திய பின், அது எங்கும் பரவச் சில மணி நேரம் முதல் இரண்டு நாட்கள் வரை ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து மேலும் மேலும் திருத்துவது குழப்பத்தையே கூட்டும்.

ஐந்தாம் படி: பெட்டி களவு போயிற்றா எனப் பார்க்க. திடீரென எல்லாரிடமிருந்தும் தடை வருமாயின், நம் கடவுச்சொல்லைத் திருடியவர் எவரேனும் நம் பெட்டியிலிருந்தே ஸ்பேம் அனுப்புகிறாரா என ஐயுற வேண்டும். ‘அனுப்பியவை’ கோப்புறையையும், தானாக வேறு முகவரிக்கு அஞ்சலை மாற்றி அனுப்பும் விதிகளையும் பார்வையிட வேண்டும். வாங்குநரின் பதில் மடல்களை உரிமையாளர் கண்ணில் படாமல் மறைக்க இவ்விதிகளைத் திருடர் பயன்படுத்துவர். அறியாத விதி ஒன்று இருந்தால், கடவுச்சொல்லை உடனே மாற்றி இருபடிச் சரிபார்ப்பை நிறுவ வேண்டும். ஸ்பேம்ஹாஸ் போன்ற அமைப்புகளின் கரும்பட்டியலில் நம் ஐபி எண்ணோ டொமைனோ உள்ளதா என்பதையும் அவற்றின் தளத்தில் பார்க்கலாம். பெயர் நீக்க விண்ணப்பிக்கும் முன் காரணத்தைக் களைந்திருக்க வேண்டும். இல்லையேல் பெயர் மீண்டும் ஏறும்.

ஆறாம் படி: கடைசியாக உள்ளடக்கத்தைப் பார்க்க. பொருள் வரி முழுவதும் பெரிய ஆங்கில எழுத்துகள், சுருக்கிய இணைப்பு முகவரிகள், உடலில் ஒரு சொல்லும் இல்லாமல் படம் மட்டும் உள்ள அஞ்சல், கடவுச்சொல் பூட்டிய ஜிப் கோப்பு ஆகியன ஐயத்தை வளர்ப்பவை. விலைப்பட்டியலைப் பிடிஎஃப் வடிவில் இணைத்து, வாங்குநரின் கொள்முதல் ஆணை எண்ணையும் நாளையும் பொருள் வரியில் இட்டு, உடலில் இரண்டு மூன்று வரிகள் எழுதுவது நன்று.

போசரியில் கண்டது

நம் வாடிக்கையாளருடன் இப்படிகளில் ஏறிய நாம் இரண்டாம் படியிலேயே ஒரு தடயத்தைக் கண்டோம். அதே இரண்டு மாதங்களில் அவர் தம் அஞ்சல் பெட்டியிலிருந்து வாங்குநரின் தரப்பரிசோதனைப் பிரிவுக்கு எழுதிய மடல்கள் எல்லாம் சென்றன; விடையும் வந்தது. அதனால்தான் தம் மின்னஞ்சலில் குறை இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. செல்லாதவை கணக்கு மென்பொருள் தானே அனுப்பிய விலைப்பட்டியல்கள் மட்டுமே.

மென்பொருளிலிருந்து அவருடைய ஜிமெயில் முகவரிக்கே ஒரு பட்டியலை அனுப்பச் செய்தோம். அது அவருடைய ஸ்பேம் கோப்புறையிலேயே விழுந்தது. அட்டவணையைத் திறந்தால், எஸ்பிஎஃப் தேறியிருந்தது, டிகேஐஎம் தேறியிருந்தது, டிமார்க் தவறியிருந்தது. முன்னிரண்டும் தேறியது மென்பொருள் நிறுவனத்தின் டொமைன் பெயரில். வெளியே தெரிந்த அனுப்புநர் பெயரோ நம் வாடிக்கையாளருடையது. இரண்டும் பொருந்தவில்லை.

அப்படியாயின் இரண்டு மாதங்களுக்கு முன்வரை எவ்வாறு சென்றது? அப்போதுதான் அவருடைய இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவர், அஞ்சல் பெட்டிகளைப் புதிய சேவை ஒன்றுக்கு மாற்றினார். மாற்றியபோது மூன்று பதிவுகளையும் முறையாகவே இட்டார். டிமார்க் ஆணையாக ‘ஸ்பேமில் ஒதுக்குக’ என்றும் எழுதினார். பாதுகாப்பை நோக்கின் அதுவும் நற்செயலே. கணக்கு மென்பொருளும் அதே பெயரில் அஞ்சல் விடுக்கிறது என்பதை மட்டும் எவரும் அவருக்குச் சொல்லவில்லை. டிமார்க் அறிக்கைகள் நாள்தோறும் ஒரு பெட்டிக்கு வந்துகொண்டிருந்தன. அப்பெட்டியைத் திறந்தவர் இல்லை.

ஆகவே வாங்குநரின் சர்வர் பிழை செய்யவில்லை. அது நம் வாடிக்கையாளரின் டொமைன் இட்ட ஆணையை அப்படியே நிறைவேற்றியது. ‘இருவர் கையொப்பமின்றிக் காசோலையைச் செல்லுபடியாக்க வேண்டா’ என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்றாமவர் கையொப்பத்துடன் காசோலை விடுப்பதை ஒத்தது இது.

தீர்வும் காசோலை மேசையில் நாம் செய்வதே. ஆணையைத் தளர்த்துவதை விட, புதிய கையொப்பதாரரை முறைப்படி சேர்ப்பதே தக்கது. கணக்கு மென்பொருளின் அமைப்புப் பகுதியில், நம் சொந்த டொமைனை உறுதிப்படுத்தும் வசதி இருந்தது. அது தந்த இரண்டு வரிகளை டிஎன்எஸ் ஏட்டில் சேர்த்தபின், விலைப்பட்டியல் வாடிக்கையாளரின் சொந்த டொமைன் பெயரிலேயே டிகேஐஎம் கையொப்பத்துடன் செல்லலாயிற்று. மறுநாள் சோதனையில் மூன்றும் தேறின.

வாங்குநரின் கணினிப் பிரிவினர் தடுப்பறையில் தேடி நான்கு பட்டியல்களை மீட்டனர். முதல் இரண்டும் கால வரம்பு கடந்து அழிந்திருந்தன. அவற்றை மீண்டும் அனுப்ப வேண்டியதாயிற்று. நிறுத்தி வைத்த பட்டுவாடாவை விடுவிக்க, அவர் கொள்முதல் பிரிவுக்கு நேரில் சென்று, வங்கிக் கணக்கு மாறவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

செய்யலாகாதவை

இத்தகைய நேரத்தில் பதற்றத்தால் நாம் நாடும் குறுக்குவழிகள் சில தீங்கு பயக்கும்.

தனிப்பட்ட இலவச முகவரியிலிருந்து விலைப்பட்டியல் அனுப்புவதைத் தவிர்க்க வேண்டும். மேலே கண்டவாறு, அது மோசடியின் சாயலைக் கொண்டது.

பெறுநரிடம் ‘ஸ்பேம் அன்று எனக் குறியுங்கள்’ என்று கேட்பது தவறன்று. எனினும் அவ்வொரு பெட்டிக்கு மட்டுமே பயன் தரும். அதைத் தீர்வு எனக் கருதலாகாது.

டிமார்க் ஆணையை முழுதும் நீக்கிவிடுமாறு சிலர் அறிவுரை கூறுவர். தேடும் நாட்களில் அதை ‘அறிக்கை மட்டும்’ என்ற நிலைக்கு இறக்குவது ஏற்புடையதே. ஆனால் அப்படியே விட்டுவிட்டால், நம் பெயரில் பொய்யஞ்சல் விடுப்போருக்கும் கதவு திறந்தே கிடக்கும். புதிதாகத் தொடங்குவோர் அறிக்கை நிலையில் தொடங்கி, சில வாரங்கள் அறிக்கைகளைப் படித்து, நேர்மையான வழிகள் அனைத்தும் தேறுவதைக் கண்டபின் ஆணையைக் கடுமையாக்குவதே முறை.

எவர் வேண்டாம் என்றாலும் விலகவிடாமல் விளம்பர அஞ்சல் அனுப்புவதும், விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலுக்கு அனுப்புவதும் வேண்டா. அதனால் கெடும் நற்பெயர் விலைப்பட்டியலையும் உடன் இழுத்துச் செல்லும்.

காலமும் பணமும்

இது கணினிப் பிரிவின் செய்தி என ஒதுக்கிவிட இயலாது என்பதற்கு வங்கிக் காரணங்கள் உண்டு.

குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 குறு, சிறு நிறுவனங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. எழுத்து மூலமான உடன்பாடு இருந்தாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க வாங்குநருக்கு உரிமையில்லை. காலம் கடந்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டப்படும் கூட்டு வட்டி தரவேண்டும். இவ்வரம்பைக் கடந்து நிலுவையில் உள்ள தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில் மட்டுமே வாங்குநர் செலவாகக் கழிக்கலாம் என்று வருமான வரிச் சட்டமும் 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் திருத்தப்பட்டது. சட்டம் சரக்கு ஏற்ற நாளை நோக்குகிறது. ஆனால் எந்தக் கணக்குப் பிரிவும் விலைப்பட்டியல் கையில் இன்றிப் பணம் விடுவிப்பதில்லை. பட்டியல் வரவில்லை என்று அவர்கள் உண்மையாகவே கூறும் நிலையில், நம் உரிமைக்குரல் தளர்ந்துவிடும்.

ரொக்கக் கடனிலும் இதன் தாக்கம் உண்டு. நெடுநாள் நிலுவையான வரவுகளை, பொதுவாக 90 நாட்களைக் கடந்தவற்றை, வங்கிகள் எடுப்பு வரம்பைக் கணக்கிடும்போது சேர்ப்பதில்லை. பட்டியல் ஸ்பேமில் உறங்கும் ஒவ்வொரு நாளும் நாம் எடுக்கக்கூடிய தொகை குறையும் நாளை நெருங்குகிறது, வட்டியோ ஏறிக்கொண்டிருக்கிறது.

மோசடியைப் பற்றியும் ஒரு சொல். மின்னஞ்சல் சரியாகச் செல்லச் செய்யும் அதே மூன்று ஏற்பாடுகள், நம் டொமைன் பெயரிலேயே ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்கில் செலுத்துக’ என்று வாங்குநருக்குப் பொய்யஞ்சல் அனுப்புவதையும் தடுக்க உதவுகின்றன. ஓரெழுத்து மாறிய போலிப் பெயர்களை அவை தடுக்கமாட்டா. ஆகவே கணக்கு மாற்றம் கூறும் எவ்வஞ்சலையும், முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதிசெய்த பின்னரே ஏற்க வேண்டும். ஏமாந்துவிட்டதாக அறிந்தால், கணமும் தாழ்த்தாமல் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணையும் தம் வங்கிக் கிளையையும் அழைக்க வேண்டும். போலித் தளங்களைத் தவிர்க்கும் பொருட்டே வங்கிகள் அனைத்தும் 2025 அக்டோபர் 31-க்குள் ‘.பேங்க்.இன்’ என முடியும் டொமைனுக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. பெயரைச் சான்றோடு காக்க வேண்டிய கடமை வங்கிக்கும் உண்டு, வணிகருக்கும் உண்டு.

நினைவிற் கொள்ள

1. தம் டொமைன் பெயரில் அஞ்சல் விடுக்கும் வழிகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். அஞ்சல் சேவையையோ இணையதளத்தையோ மாற்றும்போது அத்தாளைப் பொறுப்பாளரிடம் தரவேண்டும்.

2. மென்பொருள் காட்டும் ‘அனுப்பப்பட்டது’ என்பது ‘சேர்ந்தது’ ஆகாது. பெருந்தொகைப் பட்டியலை அனுப்பிய மூன்றாம் நாளில் தொலைபேசியில் கேட்டு, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. மாதம் ஒருமுறை, ஒவ்வொரு வழியிலும் ஒரு சோதனை அஞ்சல் அனுப்பி, மூன்று சோதனைகளும் தேறுகின்றனவா எனப் பார்க்க வேண்டும்.

4. டிமார்க் அறிக்கை வரும் பெட்டியைப் பார்க்க ஒருவரை நியமிக்க வேண்டும். டொமைன் பதிவேட்டின் கடவுச்சொல் உரிமையாளரிடமும் இருத்தல் வேண்டும்.

5. திரும்பி வந்த அஞ்சலின் காரணத்தைப் படித்த பின்னரே மீண்டும் அனுப்ப வேண்டும்.

6. தம் ஸ்பேம் கோப்புறையையும் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். நமக்குப் பணம் தருபவரின் கேள்வியும் அங்கே கிடக்கலாம்.

அந்த மாதம் ஊதிய நாளுக்குள் வாங்குநரின் பணம் வரவில்லை. நிலைமையின் உண்மை தெளிவானபடியால், தற்காலிகத் தொகையை நாம் அனுமதித்தோம்; பதினான்கு பேருக்கும் உரிய நாளில் ஊதியம் சென்றது. பதினொரு நாள் கழித்து வாங்குநரின் முழுத்தொகையும் கணக்கில் ஏறியது. கடனும் வட்டியுடன் தீர்ந்தது. வட்டிச் சீட்டைக் கண்ட வாடிக்கையாளர், டிஎன்எஸ் ஏட்டில் இரண்டு வரி எழுதாததற்கு இதுவே விலை என்று சிரித்தார். அவ்விலையை நம் வாசகர் எவரும் கொடுக்க வேண்டா என்பதே நம் விருப்பம். இன்றே ஒரு விலைப்பட்டியலைத் தமக்குத் தாமே அனுப்பிப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.